சமையலறை ஷட்டர்கள்: உரிதலும் ஒட்டலும்

குடிவந்து நாலைந்து வருஷமான ஒரு வீட்டின் சமையலறையில் எந்தக் கதவு முதலில் உரிந்திருக்கும் என்று உள்ளே போகாமலே ஊகித்துவிடலாம். சிங்க்கின் கீழே இருக்கும் ஜோடிக் கதவு. அடுப்பை ஒட்டிய கதவு. குக்கர் விசிலடிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் கதவின் அடி விளிம்பு. மற்றவை கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தது போலவே பளபளக்கும். அதே பலகை, அதே பசை, அதே ஆள் செய்த வேலை. ஆனாலும் இந்த ஓரவஞ்சனை. அதைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பூச்சு தானாக உரிவதில்லை. தண்ணீர், ஆவி, சூடு, எண்ணெய்ப் புகை, கைவியர்வை இவற்றில் ஒன்றோ இரண்டோ ஒரே இடத்தைத் தினமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவை நுழையும் வழி பெரும்பாலும் நாம் குனிந்து பார்க்காத விளிம்பு. கடைக்காரர் முகத்தைக் காட்டி விற்கிறார். நாமும் முகத்தைப் பார்த்து வாங்குகிறோம். பழுது வந்தால் அப்போதும் முகத்தைச் சரிசெய்யத்தான் ஆள் தேடுகிறோம். எந்தப் பசை நல்லது, எந்தப் பெயிண்ட் நிற்கும் என்பதெல்லாம் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. எந்தப் படலம் எதை விட்டுப் பிரிந்தது, பிரித்தது எது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை காணாமல் செய்த ஒட்டுவேலை அடுத்த மழைக்காலத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

வரலாற்றில் ஒன்றிரண்டு தேதிகள் போதும். சுவரோடு பொருத்திய அலமாரிகள் கொண்ட இன்றைய சமையலறையின் முன்னோடியாக, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறையைச் சொல்வார்கள். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. கதவுகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த பெயிண்ட். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று ஒரு நம்பிக்கை. அதற்கும் முன்பே, 1912இல், அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃபேபரும் டேனியல் ஓ'கானரும் மின்கருவிகளில் மைக்கா எனும் அப்பிரகத்துக்கு மாற்றாக ரெசின் தோய்த்த தகடு ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். ஃபார்மிக்கா என்ற பெயரில் பின்னாளில் அது உலகத்துச் சமையலறைகளையெல்லாம் மூடியது. நம் ஆசாரிகளிடம் இன்றைக்கும் எந்தக் கம்பெனித் தகடும் மைக்காதான்.

தமிழ்நாட்டில் கதை வேறு. கடப்பாக்கல் தட்டுகள் திறந்தபடி கிடந்த காலம் போய், அவற்றின் முன்னால் மரச்சட்டம் அடித்துக் கதவு போட்டார்கள். 1990களுக்குப் பிறகு மாடுலர் கிச்சன் வந்தது. தேக்கும் வேங்கையும் இருந்த இடத்தில் பிளைவுட், அப்புறம் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு. மரக்கதவில் பெயிண்ட் உரிந்தால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம், கதவுக்கு ஒன்றும் ஆகாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேல்தோல் போனால், கூடவே பலகையும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஷட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உடைத்துப் பார்க்க வேண்டாம். ஆட்டோ ஹிஞ்சின் கிண்ணம் உட்காருவதற்காகக் கதவின் பின்பக்கம் 35 மி.மீ. விட்டத்தில் குழி எடுத்திருப்பார்கள். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ஹிஞ்சை எடுத்தால் குழியின் சுவரில் பலகையின் குறுக்குவெட்டு தெரியும். மாறி மாறி நிறம் காட்டும் அடுக்குகள் என்றால் பிளைவுட். ஒரே சீரான பழுப்பு என்றால் எம்.டி.எஃப். செதில் செதிலாகச் சிராய்த்தூள் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. பிறகு கதவின் மேல் மூலையையும் கீழ் மூலையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். மேலே 18 மி.மீ. இருக்கும் பலகை கீழே தடித்திருந்தால் விரலுக்கே தெரியும். இந்த ஒரு நிமிஷச் சோதனை, ஒட்டுவதா மாற்றுவதா என்ற தீர்ப்பில் பாதியைச் சொல்லிவிடும்.

காரணம் இது. எம்.டி.எஃப். என்பது மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை. நசுங்கிக் கிடக்கும் நார், தண்ணீர் பட்டதும் தன் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தப் பசையும் ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் மெல்லச் சிதையும் வகை. காய்ந்த பிறகும் வீக்கம் முழுதாக வற்றாது; கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் பழைய கனம் வராது. பார்ட்டிகிள் போர்டு இதைவிட மோசம், வீங்கிய இடம் நகத்தால் கிள்ளினாலே உதிரும். பிளைவுட் தாக்குப்பிடிக்கும். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்துக்குள்ளேயே எம்.ஆர்., பி.டபிள்யு.ஆர். என்று இரண்டு வகை உண்டு. முன்னது காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரை பெறும் மரைன் பிளை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையில் தேற வேண்டும். சிங்க்கின் கீழே மட்டுமாவது 710 போட்டிருந்தால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் தேவை பலருக்கு வந்திருக்காது.

இனி மேல்தோலுக்கு வருவோம். எல்லாவற்றிலும் அதிகமாகக் கண்ணை உறுத்துவது பி.வி.சி. மெம்பரேன். எம்.டி.எஃப். பலகையில் ரவுட்டரால் கோலம் போலக் குடைந்து, பசை தெளித்து, அரை மி.மீட்டருக்கும் குறைவான பி.வி.சி. படலத்தைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அதன்மேல் படிய வைக்கிறார்கள். முகமும் நான்கு விளிம்புகளும் ஒரே படலத்தால் மூடப்படுவதால் இணைப்பே தெரியாது; அதுதான் விற்பனைக்கு உதவும் அழகு. படலம் அழுத்தப்பட்டபோது இழுபட்டிருக்கிறது, சூடு கிடைத்தால் சுருங்கப் பார்க்கும். பசையும் சூட்டில் இளகுவது. 70 டிகிரியைத் தொட்டால் பல பசைகளின் பிடி தளர்ந்துவிடும். ஓவன், டோஸ்டர், கெட்டில், குக்கர் எல்லாம் அதற்கு மேல் போகிறவை. இளகிய பசை, சுருங்கும் படலம், இரண்டும் சேர்ந்தால் மூலை முதலில் சுருண்டுகொள்ளும். வட அமெரிக்க வீடுகளில் தெர்மோஃபாயில் என்ற பெயரில் விற்ற கதவுகள் ஓவனை ஒட்டி உரிந்ததும் இதே காரணத்தால்தான். நம் வீட்டில் ஓவனின் இடத்தைக் குக்கர் ஆவி பிடித்துக்கொண்டது.

மூலை ஓர் அங்குலம் சுருண்டு, பலகை வீங்காமல் இருந்தால் மெம்பரேனையும் ஒட்டலாம். பழைய பசைத் துணுக்குகளைச் சுரண்டி, ஹேர் டிரையரால் படலத்தை மெல்லச் சூடுகாட்டி வளையும்படி செய்து, இரண்டு பக்கமும் ரப்பர் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு அழுத்த வேண்டும். சுருங்கிய படலம் விளிம்புவரை எட்டாமல் ஒரு நூல் குறைந்து நிற்கும். அந்தக் குறையை மூட வழியில்லை, தண்ணீர் புகாமல் சிலிகான் வைத்து அடைக்கலாம், அவ்வளவுதான். கதவின் பாதிக்கு மேல் பிரிந்துவிட்டால் ஒட்டிக்கொண்டிருப்பது வீண். முழுதாக உரித்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதே மேல் என்பது என் கட்சி. டிரையரின் சூட்டில் ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுத்தால் படலம் முழுத்தோலாகவே வந்துவிடும், அதில் ஓர் அற்பத் திருப்தியும் உண்டு. ஹீட் கன் வைத்திருப்பவர்கள் மிகக் குறைந்த சூட்டில் வைக்க வேண்டும். பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். உரித்த எம்.டி.எஃப்.மேல் நேராகத் தண்ணீர் கலந்த பிரைமரைப் பூசினால் நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும். முதலில் பி.யு. எனும் பாலியூரித்தேன் சீலரோ எண்ணெய் சார்ந்த பிரைமரோ பூசி, உப்புத்தாள் தேய்த்து, குடைந்த கோடுகளையும் விளிம்புகளையும் இன்னொரு முறை சீலர் குடிக்கவைத்து, அதன்பிறகே நிறம். பின்பக்கம் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஒட்டிய வெள்ளை மெலமைன். அதைத் தொட வேண்டியதில்லை.

மைக்கா எனும் லாமினேட் இவ்வளவு நொய்ந்ததல்ல. மேலே மெலமைன் ரெசின் தோய்த்த வண்ணத்தாள், கீழே ஃபீனால் ரெசின் தோய்த்த பழுப்புத்தாள்கள், எல்லாம் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக்கியது. ஒரு மி.மீ. கனத் தகடு கீறலையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். அது உரிந்தால் குற்றம் தகட்டின்மேல் இருப்பதில்லை, பசையிலோ பலகையிலோ இருக்கும். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் பிடிப்புள்ள இடம் கெட்டியாகவும் பிரிந்த இடம் டொப்பென்றும் கேட்கும். நடுவில் டொப்பென்றால் ஒட்டும்போது பசை போதவில்லை. விளிம்பில் கேட்டால் தண்ணீர் நுழைந்திருக்கிறது.

நம்மூரில் தளத்திலேயே வேலை செய்யும் ஆசாரிகள் பெரும்பாலும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால்தான் மைக்கா ஒட்டுகிறார்கள். பல்வந்த் பரேக்கின் நிறுவனம் 1959இல் ஃபெவிகாலைக் கொண்டுவந்த பிறகு, வஜ்ஜிரம் காய்ச்சிய தச்சுக்கூடங்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. வெள்ளைப் பசை காய்வதற்கு அதன் நீர் மரத்துக்குள் இறங்க வேண்டும்; பாரம் வைத்து ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். புதுப் பலகைக்கு அருமையான பசை. பழுது பார்க்க வந்தவரும் பழக்கத்தில் அதையே விளிம்பில் பிதுக்கிவிட்டு டேப் ஒட்டிப் போய்விடுகிறார். அங்கேதான் தவறு. பழைய பசை படிந்து கிடக்கும் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் போக இடமில்லை. வெளியே காய்ந்தது போலிருக்கும், உள்ளே பால் போலக் கிடக்கும்.

விளிம்பு எழும்பிய மைக்காவுக்கு ரப்பர் பசையே சரி. வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டு, எழும்பிய விளிம்பைத் தீக்குச்சியாலோ ஐஸ் குச்சியாலோ தூக்கி நிறுத்தி, உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்து, நிழலில் ஓரிரு நாள் காயவிட வேண்டும். இந்தக் காயவிடுதலைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரப்பதமே காலையில் 80 விழுக்காட்டைத் தாண்டும். ஒட்டு வேலையைத் தை, மாசிக்குத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. காய்ந்ததும் மெல்லிய கத்தியால் இரண்டு பரப்பிலும் பசையைச் சன்னமாக இழுத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் குச்சியை எடுக்காமல் விடுங்கள். விரல் வைத்தால் ஒட்டாமல் வழுக்கும் பதம் வந்ததும் உள்ளிருந்து வெளியாகக் குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி, பூரிக்கட்டையால் பலமாக உருட்ட வேண்டும். ரப்பர் பசை பட்டது பட்டதுதான், பிறகு தகட்டை நகர்த்த முடியாது. நடுவில் உப்பிய இடத்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. மேலே துணி போட்டு மிதமான இஸ்திரிப் பெட்டியை நகர்த்தி, சூடு ஆறும்வரை பாரம் வைத்தால் பழைய பசையே இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசைக்கும் ரப்பர் பசைக்கும் இது பொருந்தும். மெம்பரேன் கதவில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கதை முடிந்தது.

உடனே ஒட்டும் ஃபெவிக்விக் வகைப் பசைகளை மூலைக்கு மூலை சொட்டுவிடுபவர்கள் உண்டு. அது கண்ணாடி போல இறுகும், சூட்டிலும் ஆட்டத்திலும் விண்டுவிடும். போனதோடு விடாமல் பரப்பையும் கெடுத்து, அடுத்துப் பூசும் பசை பிடிக்காமல் செய்யும். தகட்டின் மூலை உடைந்தே போயிருந்தால் அரால்டைட் போன்ற இரண்டு குழாய் எபாக்சி நல்லது.

எட்ஜ் பேண்டிங் என்னும் விளிம்புப் பட்டை தனிப் பிரச்சினை. தொழிற்சாலையில் 200 டிகிரியை ஒட்டி உருக்கி ஒட்டும் இ.வி.ஏ. பசை, அடுப்புப் பக்கச் சூட்டில் மறுபடி இளகத் தொடங்கிவிடுகிறது. பி.யு.ஆர். எனப்படும் வகை காற்றின் ஈரத்தால் இறுகி, பிறகு இளகாது. புதுக் கிச்சன் வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். நிறப் பட்டியலைப் புரட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். பிரிந்த பட்டையை ரப்பர் பசையால் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி பெயிண்டும் பாலிஷும். மரக்கதவிலோ வினீர் ஒட்டிய கதவிலோ கைப்பிடியைச் சுற்றித்தான் முதலில் பிசுபிசுப்பு வரும், பிறகு நிறம் மங்கும், பிறகு செதில் எழும். வியர்வையும் கையின் எண்ணெயும் வார்னிஷை இளக்குகின்றன. என்.சி. லாக்கர், அதாவது 1920களில் டூக்கோ என்ற பெயரில் கார்களுக்கு வந்து மரத்துக்கும் பரவிய பூச்சு, இதில் மிகவும் பலவீனம். மெலமைன் பாலிஷ் பரவாயில்லை. ஹார்டனர் கலந்த பி.யு. எல்லாவற்றிலும் உறுதி. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையின் பங்கும் உண்டு. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றுப்பட்டுக் கெட்டியாகும் தன்மை ஓரளவு உள்ளவை. பரண் கதவில் படிந்து மஞ்சள் பிசினாகிவிடும். தேங்காயெண்ணெய் அப்படி உலராது. (நாகர்கோவில் சமையலறைக் கதவுகள் மற்ற ஊர்க் கதவுகளைவிடச் சுத்தமாக இருக்குமோ என்று யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கும்.) அந்தப் பிசினை எடுக்கக் காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் பச்சை நாரும் போட்டுத் தேய்ப்பதில், அடியில் இருக்கும் பூச்சும் சேர்ந்து போகிறது.

மறுபூச்சு உரிவதற்கு ஒரு பொதுவான காரணம் உண்டு: கழுவாமல் தேய்ப்பது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாளை எடுத்தால் பிசுக்கைக் கீறலுக்குள் இழைத்து இறக்குகிறோம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, அதன்பிறகே 220 எண் உப்புத்தாள். சிலிகான் கலந்த பளபளப்பு ஸ்பிரே எப்போதாவது அடித்திருந்தால் புதுப் பூச்சு மீன்கண் போலக் குழி குழியாக விலகும். மெழுகு நீக்கிய அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து மூடிவிட்டு மேலே போகலாம். பி.யு. பூச்சில் முதல் பூச்சு முழுதாக இறுகிய பின் தேய்க்காமல் இரண்டாவது அடித்தால், இரண்டும் தனித்தனித் தோலாகவே நிற்கும், பிறகு தகடு தகடாகப் பெயரும்.

மைக்காமேல் பெயிண்ட் அடிக்கலாமா? பெயிண்ட் கடைக்காரர் முடியும் என்பார், ஆசாரி நிற்காது என்பார். வழவழப்பான பரப்புக்கென்றே உள்ள பிடிப்புப் பிரைமர் போட்டு, முன்னால் நன்றாகத் தேய்த்திருந்தால் நிற்கும். ஆனால் எழும்பிய மைக்காவின் மேல் அடித்த பெயிண்ட் மைக்காவோடு சேர்ந்துதான் எழும்பும். ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது வாடகை வீட்டுக்காரரின் வழி. பிரிந்த விளிம்பை மூடி ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பதால், ஸ்டிக்கரை உரிக்கும் நாளில் பலகை பொடியாகக் கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். சிங்க்கின் கீழே வேஸ்ட் பைப் இணைப்பில் கசிவு, ஆர்.ஓ. இயந்திரத்தின் சொட்டு, கிரைண்டர் கழுவும்போது மேடையிலிருந்து வழியும் தண்ணீர் ஆகியவை தெரிந்தவை. தெரியாத ஒன்றும் உண்டு: மேடை துடைத்த ஈரத்துணி. அதைப் பிழிந்து சிங்க்குக்குக் கீழுள்ள கதவின் மேல் விளிம்பில் போடாத வீடு அபூர்வம். அந்தக் கதவு மட்டும் மேலிருந்தும் கீழிருந்தும் உரிவது அதனால்தான். துணிக்கு ஓர் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு, கதவின் மேல், கீழ் விளிம்புகளில் இரண்டு கை பி.யு. சீலர் பூசினால் ஆயுள் கூடும்.

உடம்பு சம்பந்தமான சில விஷயங்களையும் சொல்ல வேண்டும். வீடுகளுக்கான பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூசிய பழைய கதவுகளை உலர் உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அறவே கூடாது. தண்ணீர் தொட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்து, கழிவைத் துடைத்தெடுக்க வேண்டும். எம்.டி.எஃப். தூளும் லேசானதல்ல. மரத்தூளையும் ஃபார்மால்டிஹைடையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பி.யு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. ஸ்பிரே அடிப்பவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதை நாம் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஃபில்டர் உள்ள முகக்கவசத்துக்கான செலவைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

மாற்றுவது என்று முடிவானால் முழுக் கிச்சனையும் பெயர்க்கச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பெட்டி நன்றாக இருந்தால் வீங்கிய ஷட்டரை மட்டும் மாற்றலாம். ஹிஞ்ச் கிண்ணத்தின் 35 மி.மீ. அளவு எங்கும் பொது என்பதால் பழைய ஹிஞ்சிலேயே புதுக் கதவு உட்காரும். நிறம் அப்படியே பொருந்தாது. தேடி அலைவதைவிட, கீழ்வரிசைக் கதவுகளை எல்லாம் வேறொரு நிறத்துக்கு மாற்றிவிட்டு மேல்வரிசையை விட்டுவைப்பது கண்ணுக்கும் பைக்கும் நல்லது. புது ஷட்டருக்கு இரண்டு பக்கமும் தகடு கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை ஈரத்தை ஒரு பக்கமாகவே வாங்கி வளைந்துவிடும். கழற்றிய பழைய கதவுகள் பல வீடுகளில் வெந்நீர் அடுப்புக்குப் போகின்றன. தேக்குத் துண்டு போகலாம். பி.வி.சி. ஒட்டிய எம்.டி.எஃப்.பும் மைக்கா ஒட்டிய பிளைவுட்டும் அந்த அடுப்புக்கு ஆகாது. மொட்டைமாடிப் பரணுக்குத் தட்டாகவோ செடித்தொட்டிக்கு அடிப்பலகையாகவோ போட முடியாதவை மாநகராட்சிக் குப்பை வண்டியில்தான் ஏற வேண்டும்.